மசி படாத விரல்

என் கூட்டுக்காரி ரத்தினத்துக்கு,

அன்றைக்கு அந்த அண்டி ஆபீஸ் முற்றத்தில் நின்றவர்கள் யார் யார் என்று இப்போது கேட்டாலும் ஒருத்தரை விடாமல் சொல்லுவேன். மேலவிளை ஞானம்மை. பொற்றையடி லீலாபாய். கைப்பிள்ளையோடு தாசம்மை. காது கேட்காத சரசம், அவள் தங்கச்சி புஷ்பம். வாசலில் வாச்சர் தாணு. மேசைக்குப் பின்னால் ரைட்டர் சுகுமாரன். கடைசியாக, ஏழு மாச வயிற்றோடு தூணில் சாய்ந்துகொண்டு பனவிளைக்காரி நான். நீ மட்டும் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடந்தாய்.

முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்குத்தான் எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்று பெயர். இது உனக்கல்ல, இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கடுதாசி உனக்குத்தான். ஆனால் ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் நாலாம் கிளாஸோடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். என் எழுத்து கோட்டில் நிற்காது, மேலும் கீழும் ஏறி இறங்கும். நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன் என்று என் பேத்தி அபிஷா வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தர் எழுத இன்னொருத்தர் ஒப்புப் போட்ட காயிதம் என் ஆயுசுக்கு ஒன்று போதும்.

பயமாக இருக்கிறது ரத்தினம். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுகிறேன். கேட்டை யாராவது திறந்தால் விமலாவோ என்று ஒளிந்து பார்க்கிறேன். உன் மகள் விமலா வருகிறாள் என்றால் சந்தோஷப்படுகிற வீடு இது. இப்போது அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் புறவாசலுக்கு ஓடுகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அன்றைக்கு என் வயிற்றில் இருந்தானே, அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவன் மகள்தான் அபிஷா. நாகர்கோவிலில் வளர்ந்த பிள்ளை. இப்போது எம்.ஏ. படிக்கிறாள், சமூகவியல். பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில்தான் பல்கலைக்கழகம். அதில் ஒரு மூலையில் இவர்கள் துறை. இரண்டு டீச்சர்மார், ஏழு பிள்ளைகள், ஒரு இரும்பு அலமாரி, அவ்வளவுதான் துறை. "அதென்ன மக்கா படிப்பு?" என்று கேட்டேன்.

"மனுஷங்க கூட்டமா இருக்கும்போது ஏன் அப்படி நடந்துக்கிறாங்கன்னு படிக்கிறது பாட்டி."

"அதுக்கு எதுக்குட்டி பஸ் ஏறிப் போற? காலையில நம்ம குழாயடியில வந்து நில்லு. சாயங்காலம் பட்டம் தந்துருவாளுவ."

சிரித்தாள். அப்புறம் அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்வதைக்கூட எழுதுகிற பிள்ளையிடம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

படிப்பு முடிய ஒரு ஆய்வேடு எழுதிக் கொடுக்கவேண்டுமாம். அண்டி ஆபீஸில் வேலை செய்த பெண்களைப் பற்றி எழுதுகிறேன் என்று கிளம்பினாள். பதினொரு பேரைப் பார்த்துப் பேசினாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். நான் பதிலளிப்பாளர் எண் மூன்று. பெற்ற அப்பனின் தாய்க்கு நம்பர் போட்ட பிள்ளை. சரி, துறை சொல்கிறபடிதானே செய்யவேண்டும்.

அஞ்சு நாள் மத்தியானம் அடுக்களையில் உட்கார்ந்து பேசினோம். போனை அம்மிமேல் வைப்பாள். நான் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டே சொல்லுவேன். விரலில் சாம்பல் பூசிக்கொண்டு அண்டியைத் தல்லி உடைத்ததைச் சொன்னேன். எண்ணெய் தெறித்துத் தோல் உரிந்த கையால் கல்யாண வீட்டில் சோறு தின்ன வெட்கப்பட்டதைச் சொன்னேன். சாயங்காலம் வாசலில் நம்மை நிறுத்தி மடியைத் தடவிப் பார்ப்பார்களே, அதைச் சொன்னேன். நீ ஒரு நாள் மடிக்குள் ஓணானைக் கட்டிக்கொண்டு வந்து வாச்சரை அலற வைத்தாயே, அதைச் சொன்னபோது போனே குலுங்குகிற மாதிரி சிரித்தாள்.

தீப்பிடித்த நாளையும் சொன்னேன். அதை ஊருக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வறுக்கிற ஆட்கள் இரண்டு பேர் கோயில் கொடைக்குப் போய் வரவில்லை. சுகுமாரன் தல்லுகிற கூடத்துக்கு வந்து என்னைப் பார்த்துக் கை நீட்டினான். கணக்கு எழுதுகிறதும் அவன், ஆளை ஏவுகிறதும் அவன்.

"பனவிளைக்காரி, நீ வா. சூட்டண்டி அள்ளணும்."

நான் எழும்புவதற்குள் நீ எழும்பினாய். "அவளுக்கு ஏழு மாசம். கண்ணு தெரியல்லியா ஓய்? நான் வாறேன்." மடியில் இருந்த அண்டித்தோட்டைத் தட்டிவிட்டு, "எனக்க கூடையப் பாத்துக்கோட்டீ" என்று சொல்லிவிட்டுப் போனாய். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரும்புகை. அண்டி எண்ணெய் பிடித்தால் எப்படி எரியும் என்று நமக்குத் தெரியாதா? உன் சத்தத்தை நான் கேட்டேன். ஓடி வரத்தான் முடியவில்லை.

இதுவரைக்கும் நான் சொல்கிறதுதான். யார் கேட்டாலும் இதோடு நிறுத்திவிடுவேன். அடுத்த நாள் காயிதம் ஒன்றில் எல்லாரிடமும் ஒப்பு வாங்கினான் பாவி என்று சொல்லி, அவனை நாலு வார்த்தை ஏசி, சேலையால் முகத்தைத் துடைத்துவிட்டு எழும்பிவிடுவேன். கேட்டவர்களும் 'ஐயோ' என்பார்கள்.

அபிஷா 'ஐயோ' என்று சொல்லவில்லை. அவளுக்குத் துறையில் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஒப்பு வாங்கும்போது நீங்க எங்க நின்னீங்க பாட்டி?"

இத்தனை வருஷத்தில் உனக்கு என்ன ஆச்சு என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நான் எங்கே நின்றேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தூண் பக்கத்தில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மிச்சமும் சேர்ந்து வந்துவிட்டது.

சுகுமாரன் மேசையில் மசிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். "நடந்தது விபத்து, யார் பேரிலும் குற்றமில்லைன்னு எழுதியிருக்கு. எல்லாரும் ஒப்புப் போடுங்க" என்று வாயால் வாசித்தான். ஞானம்மை கட்டைவிரலை முக்கி வைத்தாள். லீலாபாய் வைத்தாள். தாசம்மை பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு வைத்தாள். சரசத்துக்குக் காது கேட்காது, புஷ்பம் அவள் கையைப் பிடித்து வைத்தாள். என் முறை வந்தபோது மசிப் பெட்டியை மூடினான். "கமலபாய் படிச்சவளாக்கும். கையெழுத்தே போடுவா" என்று சிரித்துக்கொண்டு பேனாவை என் கையில் தந்தான்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு பெருமை வந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும். அத்தனை பேருக்கு நடுவில் பேனா பிடிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று.

குனிந்தேன். அவன் வாசித்தது அந்தக் காயிதத்தில் இல்லை. 'அனுமதியின்றி, அண்டி திருடும் எண்ணத்துடன், வறுக்கும் கூடத்துக்குள் நுழைந்தாள்' என்று இருந்தது. நாலாம் கிளாஸ் படிப்புக்கு அது போதும். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'திருடும்' என்பதை இரண்டு தடவை படித்தேன். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

அவன் குரலைத் தாழ்த்தி, "நான் கூப்பிட்டது உன்னைத்தானே? நீ வந்திருந்தா அவ ஆஸ்பத்திரியில கிடப்பாளா? அதையும் எழுதணுமா?" என்றான்.

போட்டேன் ரத்தினம். க, ம, ல, பா, ய். புள்ளிகூடத் தப்பாமல் போட்டேன்.

அபிஷா போனை அணைத்தாள். எழும்பிப் போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையும் இன்னொரு தடவை கழுவினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"விமலா அத்தைக்குத் தெரியுமா?"

"இல்ல மக்கா."

விமலாவைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல? நாலு வயசில் விட்டுவிட்டுப் போனாய். உன் அம்மைதான் வளர்த்தாள். அந்தக் காயிதத்தில் இருந்த ஒரு சொல் எப்படியோ வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளை 'அண்டிக்கள்ளிக்க மவ' என்று கூப்பிட்டார்கள். அஞ்சாம் கிளாஸில் ஒரு டீச்சர் பேனா காணாமல் போனதும் முதலில் அவள் பையைத்தான் தட்டிப் பார்த்தாள். அழுதுகொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். "பெரியம்மை, அம்மை களவெடுத்தாளா?" "இல்லட்டீ" என்றேன். சத்தியம்தானே? சத்தியம்தான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அவள் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறாள். என் பிரஷர் மாத்திரை தீர்ந்ததா என்று எனக்கு முன்னாலே அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை மீன் வாங்கினால் பாதி எனக்கு. நான் பெற்றவன் மாசத்துக்கு ஒரு தடவை வருவான். அவள் தினம் வருவாள். உன் பேரை யாராவது தப்பாகச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன் என்பதால் அவளுக்கு என்மேல் அத்தனை பிரியம். குழாயடியில் ஒரு நாள் ஞானம்மை 'கள்ளி' என்று ஒரு வார்த்தை விட்டாள். குடத்தை அங்கேயே போட்டு உடைத்தேன். அன்றையிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சில்லை. அவள் மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவள் புருஷன் செத்ததற்குத் துட்டி கேட்கவும் போகவில்லை. பாவம், அவள் ரேகைக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் அவளோடு இத்தனை வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

போன வாரம் அபிஷா அடித்துக் கொண்டுவந்த காயிதங்களோடு வந்தாள். கூடவே ஒரு படிவம். 'ஒப்புதல் படிவம்' என்று மேலே எழுதியிருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்ததும் என் கை தானாக முந்தானைக்குள் போய்விட்டது.

"பயப்படாதீங்க பாட்டி. பேரெல்லாம் மாத்திட்டேன். உங்களுக்கு மீனாட்சி."

"ரத்தினத்துக்கு?"

"லட்சுமி."

"லட்சுமி! அவ கேட்டா அடிக்க வருவா. செரி, வாசி பாப்பம்."

வாசித்தாள். "'பனவிளை வீட்டைச் சேர்ந்த மீனாட்சியும் தாழவிளை வீட்டைச் சேர்ந்த லட்சுமியும் ஒரே வரிசையில் அமர்ந்து...'"

"நில்லு, நில்லு. மக்கா, எனக்கு கமலபாய்னு ஒரு பேரு இருக்குன்னு இந்த ஊர்ல எத்தன பேருக்குத் தெரியும்?"

அவள் முழித்தாள்.

"ரேஷன் கார்டுக்குத் தெரியும். உனக்க தாத்தாக்குத் தெரியும், அவரு போயாச்சு. மத்த எல்லாருக்கும் நான் பனவிளைக்காரி. அவ தாழவிளைக்காரி. நீ யாருக்கும் தெரியாத பேரை ஒளிச்சு வச்சுட்டு, ஊருக்கே தெரிஞ்ச பேரை அப்படியே போட்டிருக்க."

"வீட்டுப்பேர் அட்ரஸ் மாதிரின்னு நினைச்சேன் பாட்டி."

பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. நாகர்கோவிலில் கதவு நம்பரோடு வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு வருஷம் ஜனங்களைப் பற்றிப் படித்தாள், பாட்டியின் பேர் எது என்று தெரியவில்லை. அதையும் உடனே மாற்றுகிறேன் என்றாள். மாற்றி என்ன செய்ய? எங்கள் அண்டி ஆபீஸில் தீப்பட்டுச் செத்தவள் நீ ஒருத்திதான். லட்சுமி என்றாலும் நீதான், நம்பர் போட்டாலும் நீதான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்றால் நான்தான்.

அதோடு போனால் பரவாயில்லை. எழுதினதைப் பேசினவர்களிடமே வாசித்துக் காட்டவேண்டும், தப்பிருந்தால் அவர்கள் திருத்தவேண்டும் என்று துறையில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். சுகுமாரன் அந்தத் துறையில் படித்திருக்கலாம். அபிஷா நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சங்கக் கட்டிடத்தில் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர்களில் ஞானம்மை வருகிறாள், புஷ்பம் வருகிறாள். விமலாவும் வருகிறாள். அவளும் பதிலளிப்பாளர்தான், எண் ஒன்பது.

புதன்கிழமை அவள் என் அடுக்களையில் நின்று சொன்னாள். "பெரியம்மை, வாறவங்களுக்கு நான் மரச்சீனி அவிச்சு, தேங்காச் சம்மந்தி அரைச்சுக் கொண்டு வாறேன். அம்மையப் பத்தி யாராவது ஒருத்தராவது நல்லதா ஒரு வார்த்த சொல்லியிருப்பாவல்லா? அது புஸ்தகத்துல ஏறிச்சுன்னா போதும் எனக்கு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

மறுநாள் காலையிலே அபிஷாவோடு பஸ் ஏறிவிட்டேன். நான் சொன்னதையெல்லாம் எடுத்துவிடச் சொல்லப் போனேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். நான் பேசினதுதான் அவள் ஆய்வேட்டில் நடு அத்தியாயமாம். அது போனால் மறுபடி முதலிலிருந்து ஆளைத் தேடவேண்டும்.

துறை என்றால் ஒரு நீள அறை. மூன்று மேசை, மேலே ஒரு மின்விசிறி, அது சுற்றுகிறதைவிடச் சத்தம் போடுகிறது அதிகம். ஒரு பையனும் இரண்டு பெண்பிள்ளைகளும் எழும்பி நின்று எனக்கு நாற்காலி தந்தார்கள். "நம்பர் த்ரீ பாட்டி" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அபிஷாவின் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என் மகன் வயசுதான் இருக்கும்.

"எடுத்திரணும்னா எடுத்திரலாம்மா. ஒரு வரிகூட இருக்காது. அதுக்கு நீங்க காரணம் சொல்ல வேண்டாம்."

"இவளுக்கு?"

"இவளுக்கு ஒரு ஆறு மாசம் பிந்தும். பரவாயில்ல. அது இவ பாடு."

"நான் பயந்துட்டேன்னு இவளுக்கு மார்க் கொறைப்பியளா?"

"இல்லம்மா. இந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கு, பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். எந்த நேரமும் விலகலாம், விலகினால் எனக்கு ஒரு கெடுதலும் வராது என்று எழுதியிருந்தது. வேண்டாமென்றால் விடு என்று சொன்ன முதல் காயிதம் என் ஆயுசில் அதுதான் ரத்தினம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அதைப் படித்த பிறகுதான் பயம் கூடியது. அன்றைக்குச் சுகுமாரன் மிரட்டினான், போட்டேன். இத்தனை வருஷம் அவன் மிரட்டினான் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். அவன் செத்த அன்றைக்குக் கோழி அடித்துக் கறி வைத்தவள் நான். இன்றைக்கு யார் மிரட்டுகிறார்கள்? அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாயா வாங்கித் தருகிற பிள்ளைகள். இனி நான் ஒளித்தால் அது நான் ஒளிப்பது. அதற்குக் குற்றம் சொல்ல வேறு ஒரு ஆள் இல்லை.

இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினாள் டீச்சர். பச்சை அட்டை போட்ட ஆய்வேடுகள். மீன் விற்கிறவர்களைப் பற்றி ஒன்று. ரப்பர் பால் வெட்டுகிறவர்களைப் பற்றி ஒன்று. வளைகுடாவுக்குப் போனவன் பெண்டாட்டிமார் பற்றி ஒன்று. "இதெல்லாம் யாரு படிப்பா?" என்று கேட்டேன். டீச்சர், "நிறையப் பேர் படிக்க மாட்டாங்கம்மா. ஆனா எடுத்துப் பார்த்தா இருக்கும்" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுகுமாரன் எழுதின காயிதமும் எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கும், எடுத்துப் பார்த்தால். அதில் நீ கள்ளி. என் கையெழுத்து அதற்குக் கீழே. இந்த அலமாரியில் ஒன்றுமே இல்லை என்றால், அது மட்டும்தான் இருக்கும்.

"எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்று டீச்சர் கேட்டாள். சாயா கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

உனக்குச் சொல்கிறேன். அபிஷாவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவள் போனுக்கும் தெரியாது.

காயிதத்தில் ஒப்புப் போட்டதற்கு மறுநாள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து உன்னைப் பார்க்க வந்தோமே. கட்டிலைச் சுற்றி நின்றோம். உன் முகத்தில் கண் மட்டும்தான் நீயாக இருந்தது. ஞானம்மை உன் தலைமாட்டில் ஈ விரட்டிக்கொண்டு நின்றாள். அவள் கையை நீ பார்த்தாய். அண்டிக் கறை ஏறின விரலிலும் அந்த நீல மசி தனியாகத் தெரிந்தது. லீலாபாய் கையைப் பார்த்தாய். தாசம்மை கையைப் பார்த்தாய். உனக்கு விளங்கிவிட்டது. நாம் எத்தனை தடவை அவனுக்கு அப்படி ரேகை வைத்திருக்கிறோம், எழுதத் தெரிந்த நானும்கூட.

"கம்பெனி காயிதமாட்டீ?" என்று கேட்டாய். காற்று மாதிரித்தான் சத்தம் வந்தது.

அப்போது நீ என் கையைத் தேடினாய். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கட்டைவிரல் வெள்ளையாக இருந்தது. பேனா பிடித்த கையில் மசி ஏது?

நீ சிரித்தாய். அந்த முகத்தில் சிரிப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது. "கமலம் போடல்ல" என்று சொன்னாய். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். சாயங்காலம் போய்விட்டாய்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு என்ன பயம் என்று அந்த டீச்சர் கேட்டாளே, இதுதான். விமலா என்னை வெறுப்பாள் என்ற பயம் உண்டு. ஊர் காறித் துப்பும் என்ற பயம் உண்டு. மீதி இருக்கிற நாளில் மாத்திரை தீர்ந்ததா என்று கேட்க ஆள் இருக்காது என்ற பயமும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கெல்லாம் மேலே ஒரு பயம். நீ எங்கேயோ இருந்து கமலம் போடவில்லை என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாயோ என்னவோ. நாளைக்கு அபிஷா வாசிக்கும்போது நீயும் கேட்பாய். அந்தச் சிரிப்பு எங்கே போகும்?

அதனால்தான் உனக்கு முதலில் எழுதுகிறேன். வாசிக்கிற இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நீ தெரிந்துகொள்ள வேண்டாம். விமலாவும் வேண்டாம். சம்மந்தி அரைத்துக் கொண்டுவந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் பார்க்க அவள் அதைக் கேட்கக்கூடாது.

இப்போது சனிக்கிழமை மத்தியானம். இதைப் பேத்தியின் பரீட்சைப் பேப்பரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாள். நான் எடுக்கச் சொல்லுவேனா வைக்கச் சொல்லுவேனா என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டாள். கேட்டால் என்னை வற்புறுத்தினதாக ஆகிவிடுமாம். நல்ல துறை அது. பிள்ளையை இப்படி வாயடைத்து வைத்திருக்கிறார்கள்.

படிவத்தில் கீழே இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்று கையெழுத்துக்கு. இன்னொன்று கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்க. அபிஷாவிடம் இப்போதுதான் சொன்னேன், போஸ்டாபீஸ் முக்கில் உள்ள கடைக்குப் போய் ஒரு மசிப் பெட்டி வாங்கிக் கொண்டு வா என்று.

"பாட்டி, உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே?"

"தெரியும். அதுதான் கேடு. நீ போய் வாங்கிட்டு வா. நீல மசி. கறுப்பு வேண்டாம்."

எழும்பி ஓடினாள். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். உன் பேத்தியும் அவள்தான், தெரிந்துகொள். நீ அன்றைக்கு எழும்பிப் போனதால் பிறந்தவள்.

அவள் வந்ததும் கட்டைவிரலை நன்றாக முக்கி வைப்பேன். பேர் மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன். மீனாட்சியும் வேண்டாம், லட்சுமியும் வேண்டாம். பனவிளைக்காரி, தாழவிளைக்காரி, அப்படியே இருக்கட்டும். உன்னைப் பற்றி அந்தப் பச்சை அட்டைக்குள் இருக்கவேண்டியது, நீ களவெடுக்கப் போகவில்லை, என் முறைக்குப் போனாய் என்பது. அந்தக் காயிதத்தைப் படித்துவிட்டு அது பொய் என்று சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான். மசி காயும் முன்னே இந்தக் கடுதாசியை எடுத்துக்கொண்டு விமலா வீட்டு நடையில் போய் நிற்பேன். அவள் வா பெரியம்மை என்றால் உள்ளே போவேன். முதலில் விரலைக் காட்டுவேன். பிறகு இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் என் வாயாலேயே வாசிப்பேன். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும். அவள் எழும்பிப் போனாலும் நிறுத்தமாட்டேன். கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்று வாசிப்பேன். நாலு வீடுதானே, போய்விடுவேன்.

வருகிற வழியில் மேலவிளை நடையிலும் ஒரு நிமிஷம் நிற்பேன். ஞானம்மையிடம் என்ன பேச என்று தெரியவில்லை. குடம் உடைந்ததைப் பற்றியாவது பேசலாம்.

நான் யாரை மன்னிப்பேன், யாரை மன்னிக்கமாட்டேன் என்று ஊருக்கே தெரியும், எல்லாப் பகையையும் நேற்று நடந்தது மாதிரி வைத்திருக்கிறவள் நான். சுகுமாரனை விட்டுவிட்டேன். அவனை இத்தனை நாள் வைத்திருந்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். என்னையே மன்னிக்கமாட்டேன் என்று எழுதுவேன் என்று நினைத்தாயா? அது விமலா சொல்லவேண்டியது. அவள் சொல்லவேண்டியதை நான் முந்திச் சொல்லி, அவள் வாயை அடைக்கக்கூடாது.

ஒருத்தியை மட்டும் விடமாட்டேன். என் முறைக்கு என்னைக் கேட்காமல் எழும்பிப் போனவள். ஒரு வெள்ளை விரலைப் பார்த்துவிட்டு, 'போட்டியாட்டீ?' என்று வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனை நம்பிக்கையோடு கண்ணை மூடினவள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

உன் கூடையை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டுக்காரி,
உன் மகளுக்கு இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பெரியம்மை,
பனவிளை கமலபாய்.

மன்னிக்கமாட்டேன், தாழவிளை ரத்தினபாய்.